தென்கரை லைனில் எத்தனை இறக்கம்

எழுதத் தெரியாத ஒருவன் எழுத உட்கார்ந்ததை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியது பெரும்பாலும் என் பஞ்சர் கடைக் கதவில் சாக்கட்டியால் 'இன்று விடுமுறை' என்பதுதான். நாலு பேர் கூடியிருந்தால் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறவன் நான். பேச வராதவனுக்கு எழுத்து மட்டும் வந்துவிடுமா என்று கேட்கலாம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தைரியம்தான். பிழைகள் இருக்கும். படிக்கிறவர்கள் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும்.

இந்த வருஷம் மாசி மாதம் என் கடைக்கு நாலு பேர் சைக்கிளில் வந்தார்கள். கடை உச்சிப்புளியில், ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அவர்கள் சைக்கிள்களின் டயர் ஒவ்வொன்றும் என் முழங்கை தடிமன். முன்பக்கம் ஸ்பிரிங், பின்பக்கம் ஏழெட்டுப் பல்சக்கரம். மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்றார்கள். ராமேஸ்வரம் வரைக்கும், பாலத்தைத் தவிர வேறெங்கும் ரோட்டைத் தொடாமல் மணல் பாதையாகவே போகப் போகிறார்களாம். ஒருவர் கையில் பாதைகளை வரைந்த காகிதம் இருந்தது. பாதைக்குப் பாதை கலர் பூசியிருந்தார்கள். பச்சை என்றால் சுலபம், நீலம் என்றால் சுமார், கறுப்பு என்றால் நன்றாகப் பழகியவர்கள் மட்டும் போக வேண்டும். தென்கரைக்குப் போகும் பாதைக்கு மட்டும் கலர் இல்லாமல் விட்டிருந்தது.

"அண்ணே, நீங்க இந்த ஊர்தானே? இதுக்கு என்ன கலர் போடலாம்?"

நான் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாதையில் ஆறு வருஷம் தினமும் சைக்கிள் ஓட்டியவன் நான். எந்தப் பனைக்கு அப்புறம் முன் சக்கரம் வலது பக்கம் இழுக்கும் என்றுகூடச் சொல்ல முடியும்.

"தெரியலையே தம்பி" என்றேன்.

அவர்கள் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு போனார்கள். மணலில் போகத் தெரிந்தவர்கள்தான். அன்று சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்கி வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பரமக்குடிக்குத் தெற்கே, கரிசல் மண் பூமி. எங்கள் வீட்டில் எல்லோரும் காட்டு வேலை பார்த்தவர்கள். மூன்று வருஷம் தொடர்ந்து மழை தப்பியதும் அய்யா என்னைக் கூப்பிட்டு, உச்சிப்புளியில் ஒரு சோடா கம்பெனியில் ஆள் கேட்கிறார்கள், போறியா என்றார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. மாசிக் கடைசியில் வந்து சேர்ந்தேன்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஓட்டுக் கொட்டகை, காஸ் அடிக்கும் மிஷின் ஒன்று, பாட்டில் கழுவும் தொட்டி. சோடாவும் கலரும் போடுவார்கள். நாங்கள் கலர் என்று சொல்வது இனிப்புப் போட்ட ஆரஞ்சு நிறச் சோடாவை. எல்லாம் கோலிக்குண்டு பாட்டில்தான். சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் அடித்து, அதில் இரண்டு மரப்பெட்டி, மேலே ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் மேல் ஈரச் சாக்கு. சாக்கு காய்ந்தால் வெயிலில் பாட்டில் வெடித்துவிடும். அப்படிக் கட்டிக்கொண்டு கடைகளுக்குப் போட்டுவிட்டு, காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இதற்கு லைனுக்குப் போவது என்று பெயர். ரோட்டுக்கு வடக்கே இருக்கும் ஊர்கள் வடகரை லைன். தெற்கே இருப்பவை தென்கரை லைன். வடகரை எனக்கு. தென்கரைக்கு ஒரு அண்ணன் இருந்தார்.

எங்கள் கம்பெனியில் பாதையைத் தூரத்தால் அளக்க மாட்டார்கள். இத்தனை மைல் என்று யாரும் கேட்டதில்லை. "எத்தனை இறக்கம்?" என்றுதான் கேட்பார்கள். இந்தப் பக்கம் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. இறக்கம் என்றால் சைக்கிளை விட்டு இறங்குவது. சுமையோடு போகும்போது எத்தனை தடவை இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறதோ அத்தனை இறக்கம். இறங்கினால் திரும்ப ஏறுவதுதான் கஷ்டம். மூன்று பெட்டி பாட்டிலோடு மணலில் ஏறி உட்கார்ந்து முதல் மிதி மிதிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அதனால் ஒரு மைல் தூரம் ஓட்டுவதைவிட ஒரு இறக்கம் பெரிது.

முதலாளி இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆறு இறக்கத்துக்கு மேல் இருந்தால் அது முழு லைன், அதற்குத் தனியாக ஒரு ஆள். ஆறுக்குள் இருந்தால் அரை லைன். இரண்டு அரை லைனை ஒரே ஆள் பார்க்க வேண்டும். என்னுடைய வடகரைக்கு மூன்றே இறக்கம். பாதி தூரம் சரளை ரோடு. அதை அரை லைன் என்றுதான் சொல்ல வேண்டும். தென்கரைக்குப் பதினொன்று. பனங்காட்டுக்குள் நாலு, தென்னந்தோப்பை ஒட்டி இரண்டு, உப்பங்கழியைக் கடக்கும்போது ஒன்று, அதற்கு அப்புறம் ஊர் வரைக்கும் சக்கரம் புதையும் பொதமணல். அங்கே ஏறுவதும் இறங்குவதுமாக இன்னும் நாலு. அது முழு லைன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தென்கரை அண்ணனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது இருக்கும். தென்கரையில் கடல் தொழில் செய்யும் குடும்பம். ஆனால் அவருக்குக் கடல் ஆகாது. வள்ளம் கரையை விட்டு இரண்டு முழம் நகர்ந்தாலே வாந்தி எடுத்துவிடுவார். சின்ன வயதில் சரியாகிவிடும் என்று ஐந்து வருஷம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வருஷமும் வாந்தி எடுத்திருக்கிறார். ஒரு தடவை ரத்தமாக வந்த பிறகு கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர். கடைத்தெருவில் எங்களைப் பார்த்தால் சத்தமாகச் சொல்வார்: "எங்க மாப்பிள்ளை கடலுக்கு வந்தா மீனுக்கெல்லாம் விருந்து. வலையே வேண்டாம்."

அண்ணனும் சிரிப்பார். "ஆமா மச்சான், நான் போட்டதத் தின்னுதான் உங்க மீனு கொழுத்துருக்கு" என்பார்.

என்னைக் களிமண்ணு என்றுதான் கூப்பிடுவார். "ஏலே களிமண்ணு, இங்கன வா. இந்தப் பெட்டியப் பிடி." நான் பேசாமல் வந்து பிடிப்பேன். மற்றவர்களிடம், "இவன் வாயும் நம்ம பாட்டிலும் ஒண்ணு. குண்ட வச்சு அடச்சிருக்கு. கட்டவிரல வச்சு அமுக்குனாத்தான் சத்தம் வரும்" என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. பேசாத ஆளை ஒருவர் தினமும் கூப்பிட்டுப் பேசுவது சாதாரண விஷயம் இல்லை.

ஒருநாள் பாட்டில் கழுவும்போது கேட்டேன், வேறு வேலை ஏதும் பார்க்கலாமே அண்ணே என்று. என் மாதிரி ஆள் கேட்டதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"என்ன வேல இருக்கு? எழுதப் படிக்கத் தெரியாது. கொத்து வேல பழகல. மச்சான் தினமும் கூப்புடுறாரு. சைக்கிள்ல இருந்தா மணலு, இறங்குனா தண்ணி. அம்புட்டுத்தான் எனக்கு."

ஆவணியில் முதலாளிக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் காலில் புண் வந்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கம்பெனியைப் பார்க்க அவருடைய மருமகன் வந்தார். மதுரையில் பிறந்து வளர்ந்தவர், கெட்ட மனிதர் இல்லை. சட்டைப் பையில் எப்போதும் சின்ன டைரியும் பேனாவும் இருக்கும். இறக்கம் கணக்கை யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, "பதினொண்ணுன்னு எண்ணினது யாரு?" என்றார். அண்ணன், நான்தான் என்றார்.

"ஓட்டுறவரே எண்ணி ஓட்டுறவரே சொன்னா எப்படி? நான் ஒருதடவை கூடவே வந்து பாக்குறேன். ஆறுக்கு மேல இருந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆறுக்குள்ள இருந்தா ரெண்டு லைனையும் சேத்து ஒருத்தர்ட்டக் கொடுத்துருவேன்."

அந்த ஒருத்தர் யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இருபத்துமூன்று, அண்ணனுக்கு முப்பத்தெட்டு. சொல்ல வேண்டியதும் இல்லை.

அண்ணன் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. "வரட்டும்லே. பனங்காட்டுக்குள்ள நாலாவது இறக்கத்துல அவரே டைரியக் கீழ போட்டுட்டு உக்காந்துருவாரு" என்றார். புரட்டாசி வெயிலில் அந்த மணல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணன் அப்போது லைனில் இருந்தார்.

"நாளைக்கே போயிரலாமா? நீயும் உன் சுமையோட கூட வா. ரெண்டு பேரு ஓட்டுறதப் பாத்தாத்தான் சரியா இருக்கும்."

இந்த இடத்தில்தான் நான் பேசினேன். என் வாழ்க்கையில் கேட்காமல் நானாகப் போய்ச் சொன்ன வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

"மழ பெய்யட்டும் சார். மழை பெஞ்சு மறுநாள் போவோம். அப்பத்தான் பாதையோட கஷ்டம் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கரிசல் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் சைக்கிள் வீட்டில்தான் நிற்கும். களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் பத்தடி உருட்டினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்போம். மழை என்றால் பாதை கெட்டுப்போகும். அது எனக்கு நெருப்பு சுடும் என்பது மாதிரி. வெயிலில் பதினொன்று என்றால் மழையில் இருபது இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணனுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன். செய்ததை அவரிடம் சொல்லிக்கொள்ளக் கூச்சம். தானாகத் தெரியவரட்டும் என்று இருந்துவிட்டேன்.

நான் வந்தது மாசியில். அந்த வருஷம் கோடை மழை ஒரு துளி இல்லை. மணலில் மழை பெய்து நான் பார்த்ததே கிடையாது.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில் மழை பிடித்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விடாமல் பெய்தது. நான் கொட்டகையில் படுத்துக்கொண்டு ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. விடியும்போது நின்றுவிட்டது. மருமகன் காலையில் வந்து, "இன்னைக்குப் போறோம்" என்றார்.

அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இன்னைக்கா சார்? ஈரமா இருக்கு. ரெண்டு நாள் காயட்டுமே."

"காஞ்சா நல்லா இருக்கும்ல? கஷ்டமா இருக்கும்போதுதான் பாக்கணும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காய்ந்தால்தான் கஷ்டம் என்று சொன்னால், கஷ்டமான நாளாகப் பார்த்துக் கேட்கிறார் என்று ஆகிவிடும். கயிற்றை இறுக்கினார். நான் அதைப் பார்த்தேன். எனக்கு அப்போதும் புரியவில்லை.

மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணன் முன்னால், நடுவில் நான், பின்னால் மருமகன் சுமை இல்லாத புது சைக்கிளில். ரோட்டை விட்டுப் பனங்காட்டுக்குள் நுழைந்ததும், அண்ணன் சொல்லிக் கேட்டிருந்த முதல் இறக்கத்துக்கு நான் தயாராகி உடம்பை முன்னால் சாய்த்தேன். சக்கரம் புதையவே இல்லை. கீழே பார்த்தேன். மணல் சாணி போட்டு மெழுகிய தரை மாதிரி இறுகிக் கிடந்தது. டயர் தடம் அதில் கோடு கிழித்த மாதிரி விழுந்தது. சைக்கிள் தானாகப் போனது. இரண்டாவது இடம், மூன்றாவது இடம், எங்கேயும் நிற்கவில்லை. மூன்று பெட்டி பாட்டிலும் ஒரே சீராகக் கிணுகிணு என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

நாலாவது இடத்தில் அண்ணன் இறங்கினார். அது இரட்டைப் பனைக்கு இடையில் போகும் இடம். தரை கல் மாதிரிதான் இருந்தது.

"ஏன் இறங்குறீங்க?" என்றார் மருமகன்.

அண்ணன் கீழே பார்த்தார். "பழக்கம் சார். கால் தானா இறங்கிருச்சு."

"இதச் சேத்துக்க முடியாது" என்று சொல்லிவிட்டு மருமகன் அவரைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். நானும் தாண்டினேன்.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கு அந்த நேரம் ஓட்ட நன்றாக இருந்தது. அத்தனை சுமையோடு அவ்வளவு வேகமாக நான் அதுவரை போனதில்லை. நான் இறங்கியிருக்கலாம். வழுக்குகிறது என்று சொல்லி விழுந்திருக்கலாம். பாட்டில் உடைந்தால் உடையட்டும் என்று விட்டிருக்கலாம். அதெல்லாம் பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. மிதித்துக்கொண்டே போனேன்.

கழியில் மட்டும் இறங்க வேண்டியிருந்தது. கடல் தண்ணீர் ஏறி நிற்கும் இடம் அது. மேலே உப்புப் பூத்து, உள்ளே சகதி. மழையில் அது எங்கள் ஊர் மண் மாதிரியே ஆகியிருந்தது. மூன்று பேரும் இறங்கித் தூக்கிக் கடந்தோம். மருமகன் செருப்பு ஒன்று சகதிக்குள் போய்விட்டது. அண்ணன் கையை விட்டுத் துழாவி எடுத்துக் கழுவிக் கொடுத்தார். "இது ஒண்ணு" என்று டைரியில் எழுதினார் மருமகன். தென்கரை ஊருக்குள் நுழையும் இடத்தில் காற்றில் விழுந்த பனை ஒன்று குறுக்கே கிடந்தது. அதையும் பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொண்டார்.

"ரெண்டு" என்றார்.

ஊர் முகப்பில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே பெட்டிகளை இறக்கினோம். அண்ணன் மருமகன் முன்னால் போய் நின்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"சார், நேத்து மழை. மணலு ஈரத்துல இறுகிருச்சு. மூணு வெயில் அடிச்சாப் பழையபடி இளகி முட்டு வரைக்கும் புதையும். வருசத்துல பத்து மாசம் அப்படித்தான் கிடக்கும். நாலு நாள் கழிச்சு இன்னொருக்க வாங்க சார். சும்மா நடந்து வந்தாக்கூடப் போதும்."

"மழை பெஞ்ச மறுநாள் பாத்தாத்தான் கஷ்டம் தெரியும்னு உங்க ஆளுதான சொன்னாரு."

"யாரு சார் அந்த அறிவாளி?"

மருமகன் பேனாவை நீட்டி என்னைக் காட்டினார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துவிட்டார். "சார், இவன் கரிசக்காட்டுக்காரன். அவுக ஊருல மழை பெஞ்சா மாடே நடக்காது. மணலும் அப்படித்தான்னு நெனச்சிட்டான். எனக்கு நல்லது பண்ண நெனச்சு என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுருக்கான் களிமண்ணு."

மருமகன் சிரிக்கவில்லை. டைரியை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா பாதை கஷ்டமாத் தெரியணும்னு வேணும்னே நாள் குறிச்சிருக்க. ரெண்டு பேரும் பேசி வச்சதா?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சொன்னேன், தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், நாலு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை அனுப்பியிருப்பார். ஊருக்குத் திரும்பிப் போய் அய்யா முன்னால் நிற்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார்" என்றேன். "மழையில பாதை நல்லா இருக்கும்னு தெரிஞ்சுதான் சார் சொன்னேன். ஓட்ட சுளுவா இருக்கும்னு."

"அப்ப காஞ்சாக் கஷ்டம்னு அவரு சொல்றது?"

"அது எனக்குத் தெரியாது சார்."

டீக்கடையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு குனிந்து காலி பாட்டில்களை எண்ணிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். திரும்பி வரும்போது இரட்டைப் பனைக்கு இடையில் அவர் இறங்கவில்லை.

கம்பெனிக்கு வந்ததும், டைரியில் இருக்கும் ரெண்டுதான் கணக்கு என்று மருமகன் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து இரண்டு லைனும் எனக்கு. அண்ணன் சைக்கிளைத் துடைத்து, ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு நடந்தே தென்கரைக்குப் போனார்.

முதலாளி கார்த்திகையில் திரும்பி வந்தார். ஒரு காலில் பாதம் இல்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, "மருமகன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. ஆறு வருஷம் இரண்டு லைனையும் ஓட்டினேன். பாக்கெட்டிலும் பிளாஸ்டிக்கிலும் கலர் வந்த பிறகு கம்பெனியை மூடினார்கள். நான் பஞ்சர் கடை வைத்தேன்.

அண்ணனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் இருந்தது. உச்சிப்புளிச் சந்தையில் எத்தனையோ தடவை எதிரில் வந்திருக்கிறார். "என்ன தம்பி, நல்லா இருக்கியா?" என்பார். தம்பி என்பார், களிமண்ணு என்று சொல்வதை விட்டுவிட்டார். நான் நல்லா இருக்கேண்ணே என்பேன். ஒரு தடவை என் கடைக்கே வந்து மகள் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு போனார். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. முதலில் நான் முட்டாள் என்று நினைத்தார், அது சரி. பிறகு நானே டீக்கடையில் எல்லோர் முன்னாலும் தெரிந்தே செய்ததாகச் சொன்னேன். அதில் எதை நம்பினார் என்று கேட்கவில்லை. போன வருஷம் ஆடியில் இறந்துபோனார். சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். அழுகை வரவில்லை. இப்போது எழுதும்போதும் எதுவும் வரவில்லை. ஒரு பழைய டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற மாதிரி எல்லா இடமும் அமுக்கிப் பார்க்கிறேன், ஒரு குமிழியும் வரவில்லை.

லைன் என் கைக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் ஒன்று செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். கம்பெனியில் இருப்புக் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்கரைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர் வீட்டு வாசலில் மச்சான் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டாருய்யா முழு லைன்காரரு" என்றார் அந்த அக்கா. "இன்னும் என்ன இருக்கு எடுக்க? செருப்பு ஒண்ணு கிடக்கு, அதையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"ஏய், சும்மா இரு" என்றார் அண்ணன்.

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாப்பா. நீ பண்ணுனது எங்களுக்கு நல்லதாப் போச்சு. வள்ளத்துக்கு ஆளு இல்லாமக் கிடந்தேன். மாப்பிள்ளை, நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. தண்ணிகூடக் குடிக்காதீங்க."

"வெறும் வயித்துல வந்தா என்னத்தக் கக்குறது மச்சான்? மீனு ஏமாந்து போயிரும்ல" என்றார் அண்ணன்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் பாசியை உருவி எறிந்துகொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, சும்மாவா வந்த?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"ஆமாண்ணே. கடைக்காரர்ட்ட ஒரு பாட்டில் குறையுது. அதக் கேக்க வந்தேன்."

"இருந்தா வாங்கிட்டுப் போ. இருட்டுறதுக்குள்ள கழியத் தாண்டிரு."

நான் திரும்பிவிட்டேன். அப்படி எந்தப் பாட்டிலும் குறையவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அண்ணன் விடியற்காலையில் மச்சானுடைய வள்ளத்தில் கடலுக்குப் போனார். நான் காலையில் வடகரைக்கும் மத்தியானம் தென்கரைக்கும் போய்வந்தேன். பாட்டில் எதுவும் உடையவில்லை.